மருமகனை விட்டுவிட்டுப் போகிற படிப்பு வேண்டாம்

சென்ற சனிக்கிழமை, வெளிநாட்டுப் படிப்புக்கு யோசனை கேட்டு, மலேசியாவின் பட்டர்வொர்த்திலிருந்து ஒரு குடும்பம் என்னைப் பார்க்க வந்தது. அம்மா, மகள், மருமகன், கூடவே தாய்மாமா. மகளுக்கு 27 வயது. யூஎஸ்எம் என்ற மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் ஆய்வு வழி மாஸ்டர் முடித்துவிட்டு, பினாங்கின் பாயான் லெப்பாஸில் ஒரு சிப் தொழிற்சாலையில் பொறியாளராக இருக்கிறார். கல்யாணமாகி எட்டு மாதம். லண்டனில் ஓராண்டு எம்பிஏ படிக்க இடம் கிடைத்திருக்கிறது. "ரெண்டு பேரும் சேர்ந்து போற மாதிரி விசா எடுக்க வழி சொல்லுங்க, அது போதும்" என்றார் அம்மா. அவர் கண் கலங்கியதைப் பார்த்து, ஏதாவது செய்யலாம் என்று ஆறுதல் சொல்லி அனுப்பிவிட்டேன். அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அம்மா, நீங்கள் கேட்ட விசா கிடையாது. 2024 ஜனவரி 1 முதல் தொடங்கும் படிப்புகளுக்குப் பிரிட்டன் விதியை மாற்றிவிட்டது. பிஎச்டி, ஆய்வு வழி மாஸ்டர், அரசாங்க உதவித்தொகையில் படிப்பது, இவற்றுக்குத்தான் கணவனையோ மனைவியையோ கூட்டிப்போகலாம். சொந்தக் காசில் படிக்கும் எம்பிஏ அதில் சேராது. "ஒரு வருஷம் பல்லைக் கடிச்சிட்டா, படிச்சு முடிச்சதும் கூப்பிட்டுக்கலாம்" என்று உங்கள் தம்பி சொன்னார். அதுவும் நடக்காது. படிப்புக்குப் பின் கிடைக்கும் கிராஜுவேட் விசாவில் துணையைச் சேர்க்க வேண்டுமானால், படிக்கும் காலத்திலேயே அவர் சார்ந்தவர் விசாவில், அதாவது மாணவரின் குடும்பத்தாருக்கான விசாவில், இருந்திருக்க வேண்டும். அந்த விசாவும், 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு, 2 ஆண்டிலிருந்து 18 மாதமாகக் குறைகிறது. மருமகன் சுற்றுப்பயணி போல ஆறு மாதம் ஆறு மாதமாகப் போய் இருக்கட்டும் என்று ஒரு யோசனை வந்ததே, அதற்கு நான் துணை போக மாட்டேன். அங்கே அவர் வேலை செய்ய முடியாது. விமான நிலையத்திலேயே திருப்பி அனுப்பினால் அந்தப் பதிவு அவருடைய கடப்பிதழோடு காலத்துக்கும் ஒட்டிக்கொள்ளும்.

அடுத்தது பணம். உங்கள் சேமநிதியில் கொஞ்சம், வீட்டை மறு அடமானம் வைத்து மீதி என்று கணக்குப் போட்டிருக்கிறீர்கள். சேமநிதியில் கை வைக்கச் சட்டம் இடம் தருகிறது, சரி. ஆனால் உங்களுக்கு 56 வயது. அந்தப் பணம் உங்கள் முதுமைக்கு. ஏற்கெனவே மாஸ்டர் படித்து, சம்பாதித்துக்கொண்டிருக்கும் மகளின் இரண்டாவது மாஸ்டருக்காக வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைக்காதீர்கள்.

உங்கள் மகள் எம்பிஏ பற்றி ஒரு வார்த்தையாவது பேசினாரா? யாரும் எதுவும் சொல்லாவிட்டால் என்ன செய்வாய் என்று நான் கேட்டபோது, சிப் செய்யும் மெல்லிய தகடுகளான வேஃபர்களில் சிலவற்றில் மட்டும் மேற்படலம் ஏன் உரிந்து வருகிறது என்று பத்து நிமிடம் விளக்கினார். அப்போது அவர் முகத்தைப் பார்த்தீர்களா? உங்கள் மகள் ஆய்வுக்கூடத்துப் பெண், அம்மா.

ஆஸ்திரேலியா, கனடா பற்றியெல்லாம் எந்த ஏஜென்டும் சொல்வார். நான் சொல்வது ஏஜென்ட் யாரும் சொல்லாத வழி. அவர்களுக்கு அதில் கமிஷன் இல்லை. ஜெர்மனியில் சம்பளத்துடன் பிஎச்டி.

அங்கே பொறியியல், அறிவியல் துறைகளில் முனைவர் பட்ட மாணவர் பலரும் பல்கலைக்கழகத்தின் ஊழியர்கள். கட்டணம் கட்டிச் சேர்வதில்லை. விளம்பரம் பார்த்து, வேலைக்கு மனுப் போடுவது மாதிரி போட வேண்டும். சம்பளம் பெரும்பாலும் இ13 என்ற அரசுச் சம்பளப் பிரிவில். முழு நேரத்துக்கு வரி பிடிக்கும் முன் மாதம் 4,500 யூரோவுக்கு மேல். ஆனால் பல இடங்கள் அரை அல்லது முக்கால் பங்கு நேரம் என்றுதான் வரும், அதைக் கவனித்துப் படிக்க வேண்டும். உங்கள் மகளுக்கு நான் முதலில் சொல்லும் ஊர் டிரெஸ்டன். இன்ஃபினியன், போஷ், குளோபல்ஃபவுண்ட்ரீஸ் மூன்றுக்கும் அங்கே சிப் ஆலை இருக்கிறது. இன்ஃபினியன் நம் கூலிமிலும் இருக்கிறது, போஷ் பினாங்கிலும் இருக்கிறது. திரும்பி வந்தாலும் அவர் கற்ற வேலைக்கு இங்கே இடம் உண்டு.

இனி மருமகன் விஷயம். வேலை ஒப்பந்தத்தோடு போகும் ஆய்வாளருக்கு ஆய்வாளர் அனுமதி கிடைக்கும். அப்படிப்பட்டவரின் கணவர் ஏ1 என்ற தொடக்க நிலை ஜெர்மன் மொழித் தேர்வு எழுதிக் காட்ட வேண்டியதில்லை. கோலாலம்பூர்த் தூதரகத்தில் இருவரும் ஒன்றாகவே மனுக் கொடுக்கலாம். நீண்டகால விசாக் கட்டணம் ஆளுக்கு 75 யூரோ. அனுமதி கிடைத்த நாளிலிருந்து மருமகன் எந்த வேலையும் செய்யலாம். வேலை கிடைக்கும்வரை மனைவியின் அரசு மருத்துவக் காப்பீட்டிலேயே, தனிச் சந்தா இல்லாமல், அவரும் சேர்ந்துகொள்வார்.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. இதே ஜெர்மனிக்குச் சாதாரண மாணவராகப் போனால் கணக்கு வேறு. ஆண்டுக்கு 11,904 யூரோவை, மாதாமாதம் ஒரு பங்கு மட்டும் எடுக்கக்கூடிய முடக்குக் கணக்கில் போட வேண்டும், மருமகனின் செலவுக்குத் தனியாகப் பணம் காட்ட வேண்டும், அவர் ஏ1 தேறவும் வேண்டும். ஆகவே ஒப்பந்தம் கையில் வராமல் புறப்படக் கூடாது. தேட ஆறு மாதமோ ஒரு வருடமோ ஆகலாம். அதுவரை மகள் இப்போதைய வேலையை விடவே கூடாது. நிறைய "இல்லை" வரும், அதற்கும் மனதைத் தயார் செய்துகொள்ளட்டும்.

இன்னொன்று. கோயிலில் தாலி கட்டியாகிவிட்டது, பதிவு அப்புறம் பார்க்கலாம் என்று இருந்துவிட்டதாகச் சொன்னீர்கள். 1976ஆம் ஆண்டுத் திருமணச் சட்டப்படி, முஸ்லிம் அல்லாதவர் கல்யாணத்தைப் பதிவு செய்தே ஆக வேண்டும். பதிவு இல்லை என்றால் எந்தத் தூதரகமும் அவரைக் கணவராக ஏற்காது. தேசியப் பதிவுத் துறையில் மனுக் கொடுத்தால், அறிவிப்புக் காலம் 21 நாள். இந்த வாரமே போங்கள். சான்றிதழ் மலாயில் வரும். அதை அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்துத் தயாராக வையுங்கள். மருமகனின் எஸ்கேஎம் என்ற தொழில்திறன் சான்றிதழையும் அதோடு கொடுத்துவிடுங்கள்.

தேர்வு கட்டாயமில்லை என்றாலும் மொழி தெரியாமல் அங்கே அவருக்கு நல்ல வேலை அமையாது. ஜோர்ஜ்டவுனில் மலேசிய ஜெர்மன் சங்கம் வகுப்பு நடத்துகிறது. ஆலையில் ஷிஃப்ட் போக மிச்ச நேரத்தில் அவர் சேரலாம், அவருக்கு இஷ்டம் இருந்தால்.

அவருக்கு இஷ்டமா என்பதே எனக்குத் தெரியவில்லை. சனிக்கிழமை இரண்டு மணி நேரத்தில் அவர் வாய் திறக்கவில்லை, நானும் கேட்கவில்லை. அடுத்த முறை மாமா வர வேண்டாம். மகளும் மருமகனும் மட்டும் வரட்டும். முதல் கேள்வி அவரிடம்தான்.