ஆயுள் முழுக்க கியர் ஆயில் மாற்ற வேண்டாமா?

வாசகர் கேள்வி – பதில்: சொகுசு செடான்கள்

கேள்வி: 2014 மாடல் பிஎம்டபிள்யூ 320டி ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. 90,000 கி.மீ. ஓடியிருக்கிறது. கியர் ஆயில் ஆயுள் முழுக்க மாற்ற வேண்டாம் என்கிறார் விற்பவர். வாங்கும் முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?
– வாசகர், ஈரோடு

பதில்: காலையில் போய்ப் பாருங்கள். நீங்கள் வரும்வரை வண்டியை ஸ்டார்ட் பண்ணக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் திரும்பிவிட்டு இன்னொரு நாள் போங்கள். ஏனென்றால், அந்த வருட 320டி-யில் இருப்பது என்47 டீசல் எஞ்சின். அதில் வால்வுகளையும் பிஸ்டன்களையும் ஒரே தாளத்தில் இயங்க வைக்கும் டைமிங் செயின் முன்பக்கம் இல்லை. பின்னால், கியர்பாக்ஸை ஒட்டி இருக்கிறது. செயின் தொய்ந்தாலோ அதைத் தாங்கும் கைடு தேய்ந்தாலோ, ஆறிய எஞ்சினை ஸ்டார்ட் செய்யும்போதுதான் தகரத்தைத் தேய்ப்பதுபோல் கரகரவென்று சத்தம் தெளிவாகக் கேட்கும். ஆர்பிஎம்மை 1,500, 2,000 என்று மெதுவாக ஏற்றி, எஞ்சினின் பின்புறம் காது கொடுங்கள். சத்தம் வந்தால் அந்த வண்டி வேண்டவே வேண்டாம். செயினுக்கு ஆகும் செலவைவிட, அதை எட்டுவதற்கு எஞ்சினையோ கியர்பாக்ஸையோ இறக்குகிற கூலிதான் கையைக் கடிக்கும். செயின் அறுந்துவிட்டால் வால்வும் பிஸ்டனும் மோதி எஞ்சினே போய்விடும். சத்தம் இல்லாத வண்டி என்றால், இனி எஞ்சின் ஆயிலை டிஸ்பிளே கேட்கும்வரை விடாமல், 10,000 கி.மீ.க்கு ஒரு தடவை, அல்லது வருடத்துக்கு ஒரு தடவை மாற்றிவிடுங்கள்.

கியர் ஆயில் விஷயத்தில் விற்பவர் சொல்வதைக் கேட்காதீர்கள். இந்த 8 ஸ்பீடு ஆட்டோமேட்டிக்கைச் செய்யும் இசட்எஃப் நிறுவனமே, ஓட்டும் விதத்தைப் பொறுத்து 80,000 முதல் 1,20,000 கி.மீ.க்குள் ஆயிலை மாற்றச் சொல்கிறது. நம் ஊர் வெயிலிலும் டிராஃபிக்கிலும் 80,000-ஐத் தாண்ட விடாமல் இருப்பதே நல்லது. ஓட்டிப் பார்க்கும்போது சிக்னலை நெருங்கி மெதுவாக நிறுத்துங்கள். இரண்டிலிருந்து ஒன்றுக்கு இறங்கும்போது பின்னாலிருந்து யாரோ தள்ளியதுபோல் குலுங்கினால், ஆயில் பழசாகிவிட்டதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஆயில் மாற்ற இதில் தனி ஃபில்டர் கிடையாது. கியர்பாக்ஸின் அடியில் ஆயில் தேங்கும் பிளாஸ்டிக் சம்ப்புக்குள்ளேயே ஃபில்டர் இருக்கிறது, ஆகவே சம்ப்பையே மாற்ற வேண்டும். அதைக் கழற்றும்போது, வயர் கனெக்டர் நுழையும் இடத்தில் உள்ள ஸ்லீவில் (சீல் குழாயில்) கசிவு இருக்கிறதா பார்த்து, அதையும் கையோடு மாற்றச் சொல்லுங்கள். கடைசியாக லெவல் பார்ப்பதில்தான் நிறைய மெக்கானிக்குகள் தவறுகிறார்கள். வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும், எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், ஆயில் சூடு அந்த கியர்பாக்ஸுக்குச் சொல்லப்பட்ட அளவில் இருக்கிறதா என்று, வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனரில் பார்க்க வேண்டும். எஞ்சினை அணைத்துவிட்டு லெவல் பார்த்தால் அந்த அளவு தவறு.

வேகமாகப் போய் பிரேக் பிடிக்கும்போது ஸ்டீயரிங் நடுங்கினால் டிஸ்க்கை மட்டும் குறை சொல்லாதீர்கள். முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் கன்ட்ரோல் ஆர்மின் ரப்பர் புஷ் தேய்ந்தாலும் அப்படித்தான் நடுங்கும். இன்னொன்று, மீட்டரில் காட்டும் கி.மீ.யை நம்பி முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். ஓடிய தூரம் வண்டியின் மற்ற கன்ட்ரோல் யூனிட்டுகளிலும் (சின்னக் கம்ப்யூட்டர்களிலும்) பதிவாகும். ஸ்கேனர் போட்டு ஒப்பிட்டால் மீட்டரைக் குறைத்திருந்தால் தெரிந்துவிடும்.

கேள்வி: என் ஜெர்மன் செடானில் பேட்டரி மாற்றி எட்டு மாதம்தான் ஆகிறது. சிக்னலில் எஞ்சின் தானாக அணையும் வசதி நின்றுவிட்டது. இப்போது “பேட்டரி டிஸ்சார்ஜ்” என்று டிஸ்பிளேயில் வருகிறது. பேட்டரி மட்டமானதா?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: மட்டமான பேட்டரியாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. புதுப் பேட்டரி போட்டதை வண்டிக்கு யாரும் சொல்லாமல் விட்டிருக்கலாம். இந்த வண்டிகள் பலவற்றில் நெகட்டிவ் முனையில் ஒரு சென்சார் உட்கார்ந்து பேட்டரியின் வயதைக் கணக்கு வைத்துக்கொண்டே இருக்கும். பழைய பேட்டரி என்று நினைத்துக்கொண்டே புதியதைச் சார்ஜ் செய்தால் அது சீக்கிரம் கெடும். ஸ்கேனரில் ‘பேட்டரி ரெஜிஸ்ட்ரேஷன்’ செய்தார்களா என்று பில்லைப் பாருங்கள். பழையது ஏஜிஎம் வகை (ஆசிடைக் கண்ணாடி இழை உறிஞ்சி வைத்திருக்கும் பேட்டரி) என்றால் புதியதும் ஏஜிஎம்தானா, ஆம்பியர்-ஹவர் (கொள்ளளவு) அதேதானா என்றும் பாருங்கள். 90-க்குப் பதில் 80 போட்டிருந்தால் ரெஜிஸ்டர் செய்தால் மட்டும் போதாது, வண்டியின் கம்ப்யூட்டரில் பதிந்துள்ள பேட்டரி அளவையும் (கோடிங்) மாற்ற வேண்டும். பேட்டரி டிக்கிக்குள் இருந்தால், அதன் பக்கவாட்டில் செருகும் மெல்லிய ரப்பர் குழாயையும் கவனியுங்கள். வாயு வெளியேறும் வழி அது. மாற்றும்போது அதைச் செருக மறந்து விட்டுவிடுவார்கள்.

வண்டியைப் பூட்டி ஓர் இரவு விட்டு, காலையில் மல்டிமீட்டரில் அளந்து பாருங்கள். ஏஜிஎம் பேட்டரி 12.8 வோல்ட் அருகில் காட்டினால் முழுச் சார்ஜ். 12.2 என்றால் பாதிக்குப் பக்கம். சார்ஜர் மாட்டும்போது நெகட்டிவ் கிளிப்பை நேராகப் பேட்டரி முனையில் போடாமல், பானெட்டுக்குள் உள்ள எர்த் பாயின்ட்டில் போடுங்கள். அப்போதுதான் உள்ளே போகும் சார்ஜ் சென்சார் கணக்கில் ஏறும்.

கேள்வி: ரன்-ஃபிளாட் டயர் தூக்கித் தூக்கிப் போடுகிறது. சாதாரண டயர் போடலாமா?
– வாசகி, மதுரை

பதில்: தாராளமாகப் போடலாம், சொகுசு உடனே கூடும். ரன்-ஃபிளாட்டின் பக்கச் சுவர் கெட்டியானது. காற்றே இல்லாமலும் மணிக்கு 80 கி.மீ. வேகத்துக்குள் சுமார் 80 கி.மீ. போக வேண்டும் என்பதற்காக அப்படிச் செய்கிறார்கள். நான்கையும் சேர்த்தே மாற்றுங்கள். அதே சைஸ், அதே லோட் இண்டெக்ஸ் (டயர் தாங்கும் எடைக்கான எண்) இருக்கட்டும். ஸ்டெப்னி இல்லாத வண்டி என்றால் பங்சர் கிட்டும் சின்ன கம்ப்ரஸரும் டிக்கியில் இருந்தே ஆக வேண்டும். அடுத்த வண்டி வாங்கும்போது 18 அங்குல வீலை விட்டு 17 அங்குலத்தைக் கேளுங்கள். குழியில் விழுந்து டயர் புடைப்பது குறையும்.

கேள்வி: அப்பா, அம்மா இருவருக்கும் முழங்கால் வலி. பின் சீட்டுக்கு எந்த செடான் நல்லது?
– வாசகர், கோவை

பதில்: இடவசதிக்கு முதலில் பிஎம்டபிள்யூ 3 சீரிஸின் நீள வீல்பேஸ் மாடலைப் பாருங்கள். 2021 ஜனவரியில் ‘கிரான் லிமோசின்’ என்ற பெயரில் இந்தியாவில் அறிமுகமானது. சென்னையை அடுத்த பிஎம்டபிள்யூ ஆலையில் தயாராவது. வீல்பேஸ் (முன், பின் சக்கரங்களுக்கு இடையிலான தூரம்) 2,961 மி.மீ., சாதாரண 3 சீரிஸைவிட 110 மி.மீ. அதிகம். அதனால் பின் சீட்டில் கால் இடம் கூடுகிறது. ஆனால் முழங்கால் வலிக்கு இடத்தைவிட சீட்டின் உயரம் முக்கியம். இந்த வகைக் கார்கள் எல்லாமே தாழ்வானவை. ஷோரூமுக்குப் பெற்றோரை அழைத்துப் போய், முன் சீட்டை உங்கள் வசதிக்கு வைத்துவிட்டு, அவர்களை ஐந்து தடவை ஏறி இறங்கச் சொல்லுங்கள். மூன்றாவது தடவை கதவைப் பிடித்துக்கொண்டு எழுந்தால், அதே விலையில் உயரமான எஸ்யூவியைப் பாருங்கள்.