தமிழருக்கு ஒரு கதிரை

அன்புள்ள ஐயா,
1833இல் அமைந்த சட்டநிரூபண சபைதான் இலங்கை ஜனநாயகத்தின் முதற்படி என்று ஒரு கருத்தரங்கில் பேசினார்கள். அப்போதே தமிழருக்கும் ஓர் ஆசனம் கிடைத்தது நமக்குப் பெருமைதானே? 1864 ராஜினாமா பற்றியும் எழுதுவீர்களா?
க., வவுனியா

அன்புள்ள தம்பி,

1864 சுருக்கமான கதை. இராணுவச் செலவை லண்டன் இலங்கையின் தலையில் கட்டியது. லோரன்ஸ், ஜோர்ஜ் வோல் போன்ற உறுப்பினர்கள் சபையை விட்டு வெளியேறி, மறுவருடம் சிலோன் லீக் என்ற சங்கத்தைத் தொடங்கினார்கள். மிச்சத்தை நூலகத்தில் படியுங்கள். கருத்தரங்குக்காரரோடு எனக்கு வழக்கில்லை. 1833 சபையில் அரசாங்க அதிகாரிகள் 9 பேர், மற்றவர்கள் 6 பேர். அந்த 6 பேரும் பிரித்தானியத் தேசாதிபதி நியமித்தவர்கள். முதற்படியாம்!

உங்கள் 'பெருமை'தான் இரண்டு நாளாக உறுத்துகிறது. அந்த 6 கதிரைகளில் 3 ஐரோப்பியருக்கு. சிங்களவர், பறங்கியர், தமிழருக்கு ஒவ்வொன்று. முஸ்லிம்களுக்கும் கண்டியருக்கும் 1889 வரை தனிக் கதிரையே இல்லை. தமிழர் கதிரையில் யார் இருந்தார்கள்? 1835இல் ஆறுமுகநாதபிள்ளை குமாரசுவாமி. 1862இல் அவர் மகன் முத்துக்குமாரசுவாமி. 1879இல் மகள் வயிற்றுப் பேரன் பொன். இராமநாதன். 1893இல் இராமநாதனின் அண்ணன். இடையில் சைமன் காசிச்செட்டி போல வேறு ஆட்களும் இருந்தார்கள்தான். ஆனாலும் ஒரு கொழும்பு வீட்டு விறாந்தைக்கு ஓர் இனத்தின் பெயரை வைத்துவிட்டார்கள், தம்பி. நெடுந்தீவில் பனை ஏறியவனுக்கும் தோட்டத்தில் கொழுந்து பறித்தவளுக்கும் சேர்த்து அங்கே ஒருவர் பேசினாராம்!

இராமநாதனைக் குறைத்துச் சொல்லவில்லை. 1911இல் படித்த இலங்கையர் தொகுதியில் சிங்களவர் வாக்கிலும் வென்றவர், 1915 சிங்கள-முஸ்லிம் கலவரத்துக்குப் பிறகு சிங்களவருக்காகச் சபையில் நின்று வாதாடியவர். அவரேதான், எல்லோருக்கும் வாக்கு என்று, அரசியல் சீர்திருத்தம் ஆராய லண்டன் அனுப்பிய டொனமூர் ஆணைக்குழு சொன்னபோது எதிர்த்தார். அதைப் படித்த அன்று எனக்குக் கோபம் வரவில்லை. அப்புவின் ஞாபகம் வந்தது.

எங்கள் ஊர்க் கோயில் பரிபாலன சபையில் அப்புவும் நியமன உறுப்பினர். தலைவருக்கு மச்சான் என்பதைத் தவிர வேறு தகுதி கிடையாது. கூட்டம் முடிந்து வந்ததும் சால்வையை உதறிக் கொடியில் போடுவார்.

"என்ன கதைச்சியள்?" என்பா ஆச்சி.

"ஓமெண்டனான். நல்ல தேத்தண்ணி."

ஒருமுறை, கோயில் கிணற்றில் எல்லாச் சாதியும் தண்ணீர் அள்ளலாமா என்று கேள்வி வந்தது. அன்றைக்கும் அப்பு ஓம் என்றுதான் சொல்லியிருக்கிறார், மச்சானுக்கு. வீட்டுக்கு வந்தவர் தேத்தண்ணியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சால்வையோடேயே படுத்துவிட்டார்.