பெயரை நீக்கிவிட்டு ஏஜென்டிடம் கொடுங்கள்

கேள்வி: வணக்கம் அக்கா. நாங்கள் கோத்தகிரி வட்டத்தில் சிறு தேயிலை விவசாயிகளிடம் கணக்கெடுப்பு நடத்துகிறோம். படிவம் கோபோ டூல்பாக்ஸ் என்ற இணையக் கணக்கெடுப்புச் சேவையில் இருக்கிறது. எத்தனை கிலோ பச்சைத் தேயிலை பறித்தார்கள், எந்தத் தொழிற்சாலைக்குக் கொடுத்தார்கள், என்ன விலை கிடைத்தது, பறிப்புக் கூலி எவ்வளவு, முன்பண பாக்கி உண்டா என்றெல்லாம் கேட்கிறோம். மாதாமாதம் எக்ஸெலில் இறக்கி, நானே கூட்டிக் கழித்து அறிக்கை எழுதுகிறேன். நாம் சொல்வதைக் கேட்டுக் கணினியில் வேலை செய்யும் ஏஐ ஏஜென்டை, கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் கமாண்ட் லைன் வழியாகக் கோபோவோடு இணைத்துவிட்டால், தமிழில் கேட்டாலே கணக்கு வந்துவிடும் என்கிறார் எங்களோடு வேலை பார்க்கும் தம்பி. அதற்கு என் கணக்கின் டோக்கனைக் கேட்கிறார். கொடுக்கலாமா?
— ஒரு வாசகி, கோத்தகிரி

பதில்: தாராளமாக இணைக்கலாம். உங்கள் டோக்கனை மட்டும் கொடுக்காதீர்கள்.

டோக்கன் என்பது கடவுச்சொல்லுக்குப் பதிலாக நிரல்கள் பயன்படுத்தும் ரகசியச் சாவி. கோபோவில் உங்கள் கணக்கின் மொத்த அதிகாரமும் அதில் அடக்கம். படிக்க மட்டும் என்று வரம்பு கட்டி டோக்கன் எடுக்க முடியாது. நீங்கள் ஒரு பதிவை அழிக்க முடியும் என்றால், அந்த டோக்கன் கையில் இருக்கும் ஏஜென்டாலும் அழிக்க முடியும். போன பதிவு போனதுதான். அதற்காக மறுபடி ஒரசோலை, கட்டபெட்டு போன்ற ஊர்களுக்கு ஆள் அனுப்ப வேண்டும்.

அதனால் வேறொரு மின்னஞ்சலில் கோபோவில் புதுக் கணக்கு ஒன்று தொடங்குங்கள். உங்கள் படிவத்தின் பகிர்வுப் பக்கத்துக்குப் போய், படிவத்தையும் பதிவுகளையும் பார்க்கும் அனுமதியை மட்டும் அந்தக் கணக்குக்குக் கொடுங்கள். டோக்கனை அங்கிருந்து எடுங்கள். கோபோ போன்ற இன்னொரு கருவியான ஓடிகே சென்ட்ரல் வைத்திருக்கும் அமைப்புகளுக்கு இது இன்னும் சுலபம், பார்க்க மட்டும் உரிமையுள்ள 'வியூவர்' பொறுப்பு அங்கே தயாராகவே இருக்கிறது.

இணைப்பு வேலைக்கு இரண்டு கருவி போதும், இரண்டும் இலவசம். கர்ல், நிரல்கள் தரவு கேட்பதற்கென்று கோபோ வைத்திருக்கும் ஏபிஐ முகவரிக்குப் போய்ப் பதிவுகளை ஜேசன் என்ற எழுத்து வடிவில் வாங்கி வரும். ஜேக்யூ அதிலிருந்து வேண்டியதைப் பொறுக்கித் தரும். கிளாட் கோட், ஜெமினி சிஎல்ஐ போன்ற ஏஜென்டுகள் டெர்மினலிலேயே, அதாவது கட்டளை அடிக்கும் ஜன்னலிலேயே ஓடுகிறவை. நீங்கள் தமிழில் கேட்டால் கட்டளையை எழுதி, ஓட்டலாமா என்று கேட்டு, ஓட்டி, வந்ததைப் படித்துச் சொல்லும். ஒவ்வொரு முறையும் கேட்கிறதே என்று அலுத்துப்போய் அந்த அனுமதிக் கேள்வியை அணைத்துவிடாதீர்கள்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். ஏஜென்ட் ஓடுவது உங்கள் லேப்டாப்பில்தான். ஆனால் அது படிக்கும் ஒவ்வொரு வரியும் அதன் மூளையான மொழி மாடல் இருக்கும் சர்வருக்குப் போகிறது. உங்கள் படிவத்தில் பெயர், கைபேசி எண், ஜிபிஎஸ், முன்பண பாக்கி எல்லாம் இருக்கின்றன. எந்தத் தொழிற்சாலைக்கு எவ்வளவு பாக்கி என்று பக்கத்து வீட்டில்கூடச் சொல்லாதவர்கள், உங்கள் ஆளை நம்பிச் சொல்லியிருக்கிறார்கள். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், எந்தக் காரணத்துக்கென்று சொல்லிச் சம்மதம் வாங்கினீர்களோ அதற்குத்தான் தகவலைப் பயன்படுத்தலாம் என்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் நான் இதைத்தான் சொல்வேன்: அந்தப் பெயர்கள் ஏஜென்டிடம் போகக் கூடாது.

அதற்கு ஏஜென்டை நேராகக் கோபோவோடு பேச விடாமல் நடுவில் ஒரு சின்ன ஸ்கிரிப்ட், அதாவது கட்டளைகளை வரிசையாக எழுதிய கோப்பு ஒன்றை வையுங்கள். அதைத் தம்பியே எழுதிவிடுவார், ஏஜென்டைக் கொண்டே எழுதவைக்கவும் செய்யலாம். ஆனால் ஓட்டுவது நீங்களாக இருக்கட்டும். கோபோவிலிருந்து பதிவுகளை இறக்கி, கணக்குக்கு வேண்டிய பத்திகளை (எக்ஸெலில் மேலிருந்து கீழே வருபவை) மட்டும் எடுத்து, வேறொரு ஃபோல்டரில் அது போடும். ஏஜென்டுக்கு அந்த ஃபோல்டர் மட்டும்தான். வேண்டாததை நீக்கு என்று எழுதாமல், வேண்டியதை மட்டும் எடு என்று எழுதச் சொல்லுங்கள். அடுத்த மாதம் யாராவது படிவத்தில் வங்கிக் கணக்கு எண்ணைச் சேர்த்தாலும் அது தானாகவே வெளியே நின்றுவிடும்.

டோக்கனை சாட்டில் ஒட்டவே ஒட்டாதீர்கள். டெர்மினல் நினைவில் வைத்துக்கொள்ளும் என்விரான்மென்ட் வேரியபிளில் வைத்தால் பத்திரம் என்று சிலர் சொல்வார்கள். அதே டெர்மினலில் ஓடும் ஏஜென்டால் அதையும் படிக்க முடியும். லேப்டாப்பில் இரண்டு யூசர் வைத்துக்கொள்ளுங்கள், டோக்கனும் ஸ்கிரிப்டும் ஒன்றில், ஏஜென்ட் இன்னொன்றில்.

பெயரை எடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்றும் நினைக்க வேண்டாம். ஒரு சின்ன ஹட்டியில் (படுகர் குடியிருப்பில்) மூன்றரை ஏக்கர் வைத்திருக்கிறவர், இன்ன தொழிற்சாலைக்கு இலை கொடுக்கிறவர் என்றால் அது யாரென்று ஊருக்கே தெரியும். ஹட்டியின் பெயருக்குப் பதிலாக ஊராட்சி இருக்கட்டும். நிலத்தை 'ஒரு ஏக்கருக்குள்', 'ஒன்று முதல் மூன்று' என்று பிரித்து வையுங்கள்.

சரி, கணக்குக்கு வருவோம். நீங்கள் சராசரி விலையை எடுத்து, தேயிலை வாரியம் மாதாமாதம் அறிவிக்கும் பச்சைத் தேயிலை விலையோடு ஒப்பிடுவீர்கள் என்று நினைக்கிறேன். அங்கேதான் கவனம் வேண்டும். ஏஜென்டிடம் பதிவுகளைக் காட்டி, 'கூட்டிச் சொல்' என்று கேட்காதீர்கள். 'கூட்டுவதற்கு ஸ்கிரிப்ட் எழுது, ஓட்டு, விடையைச் சொல்' என்று கேளுங்கள். மொழி மாடல் தன் போக்கில் கூட்டினால் தவறு நேரும். ஸ்கிரிப்டில் தவறு இருந்தால் திறந்து பார்த்துக் கண்டுபிடிக்கலாம்.

கோபோ ஜேசனில் எண்கள் பெரும்பாலும் மேற்கோள் குறிக்குள் எழுத்தாக வரும். அப்படியே கூட்டினால் 42 கிலோவும் 38 கிலோவும் சேர்ந்து 4238 ஆகும். அது கண்ணில் பட்டுவிடும். அதிகபட்சம் எவ்வளவு என்று கேட்டால்தான் ஆபத்து. எழுத்தாக ஒப்பிடும்போது 95 என்பது 120ஐவிடப் பெரியது, அதனால் 95 என்று பதில் வரும், அது யாருக்கும் தவறாகத் தோன்றாது. முதலில் எண்ணாக மாற்றிக்கொள் என்று ஏஜென்டுக்கான குறிப்பிலேயே எழுதிவைக்க வேண்டும்.

அடுத்தது, பதில் வராத கேள்வி. கோபோ அதைக் காலியாக அனுப்பாது, அந்தப் பதிவில் அந்தக் கேள்வியே இருக்காது. 50 பேரில் 10 பேர் அந்த மாதம் கவாத்து வெட்டியதால் இலை விற்கவில்லை என்று வையுங்கள். மீதி 40 பேருக்கும் கிலோவுக்கு 20 ரூபாய் கிடைத்தது என்றால் சராசரி 20. மொத்தத்தை 50ஆல் வகுத்தால் 16 என்று வரும். அந்த 16ஐ வைத்து, அறிவித்த விலைகூடக் கொடுக்கவில்லை என்று நீங்கள் மனு எழுதினால் முதல் கூட்டத்திலேயே உடைத்துவிடுவார்கள். அதற்கப்புறம் உண்மையான குறையைச் சொன்னாலும் காது கொடுக்க மாட்டார்கள். இன்னொன்று, விவசாயி ஒவ்வொருவரின் விலையையும் கூட்டித் தலைக்கு வகுக்காமல், மொத்தப் பணத்தை மொத்தக் கிலோவால் வகுக்கச் சொல்லுங்கள். 10 கிலோ கொடுத்தவருக்கும் 500 கிலோ கொடுத்தவருக்கும் ஒரே எடை இருக்கக் கூடாது.

ஒரே அழைப்பில் எல்லாப் பதிவும் வராது. கோபோ பக்கம் பக்கமாகத்தான் தரும். மொத்த எண்ணிக்கை 'கவுண்ட்' என்ற இடத்திலும், அடுத்த பக்கத்தின் முகவரி 'நெக்ஸ்ட்' என்ற இடத்திலும் இருக்கும். இறக்கிய பதிவுகளின் எண்ணிக்கை கவுண்டோடு பொருந்தாவிட்டால் ஸ்கிரிப்ட் அங்கேயே நின்றுவிட வேண்டும்.

தேதியிலும் நம் மலைக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. சிக்னல் இல்லாத ஹட்டியில் எடுத்த பதிவு, உங்கள் ஆள் கோத்தகிரிக்குத் திரும்பிய பிறகுதான் போய்ச் சேரும், சில சமயம் மறுநாள். 'சப்மிஷன் டைம்' என்று கோபோ காட்டுவது போய்ச் சேர்ந்த நேரம், அதுவும் உலகப் பொது நேரமான யூடிசியில், நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால். மாதக் கடைசியில் எடுத்த பதிவுகள் அடுத்த மாதக் கணக்கில் ஏறிவிடும். பேட்டி தொடங்கிய நேரம் 'ஸ்டார்ட்' என்ற பத்தியில் இருக்கிறது, மாதம் பிரிக்க அதைப் பயன்படுத்தச் சொல்லுங்கள்.

இதையெல்லாம் ஒவ்வொரு முறையும் தட்டச்சு செய்ய வேண்டாம். ஏஜென்ட் தொடங்கும்போதே படிக்கும் குறிப்புக் கோப்பு ஒன்றை ஃபோல்டரில் வைக்கலாம். ஒவ்வொரு பத்தியும் எந்தக் கேள்வி, 1, 2 என்ற குறியீடுகள் எந்தத் தொழிற்சாலை, அளவு கிலோவா என்று அதில் தமிழிலேயே எழுதிவையுங்கள். முதல் மாதம் பழையபடி எக்ஸெலிலும் போட்டு, ஏஜென்டின் ஸ்கிரிப்டிலும் போட்டு, இரண்டையும் ஒப்பிடுங்கள். பொருந்தினால் அந்த ஸ்கிரிப்டை அறிக்கையோடு சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள், அடுத்த மாதம் அதையே ஓட்டுங்கள்.

கேள்வி: எங்கள் படிவத்தின் கடைசியில் 'வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா?' என்று கேட்கிறோம். பதில் தமிழிலும் வரும், படுக மொழியைத் தமிழ் எழுத்தில் எழுதியும் வரும். ஏஜென்ட் இதை வகை பிரிக்குமா?
— ஒரு வாசகர், ஊட்டி

பதில்: தமிழ்ப் பதில்களை நன்றாகவே பிரிக்கும். படுக மொழி விஷயத்தில் நம்ப வேண்டாம். தமிழ் எழுத்தில் இருப்பதால் தமிழென்றே எடுத்துக்கொண்டு, தெரிந்த சொல்லைப் பிடித்து மீதியை ஊகிக்கப் பார்க்கும். தெரியாததற்கு 'தெரியவில்லை' என்ற வகையைக் கட்டாயமாக வைத்து, அவற்றைத் தனிக் கோப்பில் ஒதுக்கச் சொல்லுங்கள். படுக மொழி பேசுகிற ஒருவர் உட்கார்ந்து அவற்றைப் பிரிக்கட்டும். ஏஜென்ட் பிரித்தவற்றிலும் கொஞ்சம் எடுத்து அவரிடம் காட்டுங்கள். பதிலுக்குள்ளேயே சிலர் ஆள் பெயரையும் தொழிற்சாலையின் பெயரையும் சொல்லியிருப்பார்கள், ஏஜென்டுக்குப் போகுமுன் ஒருமுறை கண்ணால் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: கமாண்ட் லைன் எதற்கு, எம்சிபி சர்வர் போட்டுவிடலாமே?
— ஒரு வாசகர், கூடலூர்

பதில்: போடலாம். எம்சிபி என்பது ஏஜென்டையும் வெளிக் கருவிகளையும் இணைக்க ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்ட பொது நெறிமுறை. கட்டளை எழுதத் தெரியாத பலர் ஒரே தரவைக் கேட்கப் போகிறார்கள் என்றால் அது வசதி. ஒருவரோ இருவரோ மட்டும் பயன்படுத்தும் அமைப்புக்கு நான் கமாண்ட் லைனைத்தான் சொல்வேன். என்ன கட்டளை ஓடியது என்று நேராகத் தெரியும், நாளை ஏஜென்ட் இல்லாவிட்டாலும் அதே கட்டளையை நீங்களே ஓட்டலாம். யாரோ எழுதிய சர்வரை டோக்கனோடு ஓட்டுவதானால் முதலில் அது என்னென்ன செய்யும் என்று படித்துப் பாருங்கள். அழிக்கும் கருவி இருந்தால் எடுத்துவிடுங்கள்.

கேள்வி: என்னிடம் விண்டோஸ் லேப்டாப்தான் இருக்கிறது. இதிலெல்லாம் ஓடுமா? எக்ஸெலில் திறந்தால் தமிழ் உடைந்து தெரிகிறது.
— ஒரு வாசகி, மஞ்சூர்

பதில்: ஓடும். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் கர்ல் கூடவே வருகிறது. விண்டோஸின் கட்டளை ஜன்னலான பவர்ஷெல்லின் பழைய பதிப்பில் வெறுமனே கர்ல் என்று அடித்தால் வேறொரு கட்டளைக்குப் போய்விடும், பெயருக்குப் பின்னால் புள்ளி வைத்து 'இஎக்ஸ்இ' சேர்த்து அடியுங்கள். ஜேக்யூவை விண்டோஸின் விங்கெட் கட்டளை மூலம் நிறுவலாம். தமிழ் உடைவதற்குக் காரணம், சிஎஸ்வி கோப்பு (காற்புள்ளியால் பிரித்த எழுத்துக் கோப்பு) யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்கத்தில் இருப்பது எக்ஸெலுக்குத் தெரியாததுதான். கோப்பை எழுதும்போது யூடிஎஃப்-8 பிஓஎம் (கோப்பின் தொடக்கத்தில் வரும் அடையாளக் குறி) உடன் எழுது என்று ஏஜென்டிடம் சொல்லுங்கள், இரட்டைச் சொடுக்கில் தமிழ் ஒழுங்காகத் திறக்கும்.