1,500 சொல்லில் குழந்தைகளுக்கான படக்கதை: அப்படியே பதிப்பகத்துக்கு அனுப்பலாமா?

வேண்டாம். 24 பக்கப் படப்புத்தகத்தில் தலைப்பு, பதிப்பு விவரம் போகக் கதைக்கு 20 பக்கம் மிஞ்சினால் அதிகம். 400 சொல்லைத் தாண்டினாலே படம் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். ஆறு ஏ4 தாளை நடுவில் மடித்து, பக்கம் பக்கமாகப் பிரித்து எழுதிப் பாருங்கள்; கதை எங்கே இழுக்கிறது என்று உடனே தெரிந்துவிடும்.

படம் காட்டுவதையெல்லாம் வெட்டுங்கள். உங்கள் கதை வேலூர்ப் பக்கம் நடப்பதால் அந்தப் பக்கத்து உதாரணமே சொல்கிறேன்: இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய் "ஊதா நிறம், காம்பெல்லாம் முள்" என்பது ஓவியர் வேலை. "சுருக்கென்று குத்தியது" மட்டும் உங்களுடையது.

காசு கொடுத்து ஓவியரைப் பிடிக்காதீர்கள். பெரும்பாலும் பதிப்பகமே தேர்ந்தெடுக்கும். ஒப்பந்தத்தில் பதிப்புரிமையை எவ்வளவு காலத்துக்குக் கொடுக்கிறீர்கள் என்று பாருங்கள். குறிப்பிடாவிட்டால் 1957 பதிப்புரிமைச் சட்டப்படி 5 ஆண்டுதான். "நிரந்தரமாக" என்று இருந்தால் பேசி மாற்றிய பிறகே கையெழுத்து.