கரண்ட் போனால் போனும் போகும் என்று சொன்னார்களா?

ஏற்காட்டில் நாகலூர் பக்கம் இருக்கும் வாசகர் ஒருவர் நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். சுருக்கித் தருகிறேன்.

"எனக்கு வயது 71. இரண்டு ஏக்கரில் காப்பியும் மிளகும் இருக்கிறது. முப்பது வருடமாக வீட்டில் 04281 லேண்ட்லைன் இருந்தது. போன வருடம் ஒரு தனியார் கம்பெனியின் ஆள், எங்கள் ஊர் கேபிள்காரரோடு வந்தார். 'இதே போன் செட், இதே நம்பர், பிராட்பேண்டில் வரும், எவ்வளவு பேசினாலும் காசு இல்லை' என்றார். நம்பி, பழைய இணைப்பைச் சரண்டர் செய்தேன். வந்தது வேறு நம்பர். அதையும் பொறுத்துக்கொண்டேன். ஐப்பசி மழையில் ஒரு ராத்திரி சில்வர் ஓக் மரம் லைன் மேல் சாய்ந்து கரண்ட் போய்விட்டது. அன்றைக்குப் பார்த்து என் மனைவி பாத்ரூமில் வழுக்கி விழுந்தாள். போனை எடுத்தால் சத்தமே இல்லை. எங்கள் வீட்டுக்குள் செல்போனுக்கு டவர் கிடைக்காது. குடையும் டார்ச்சுமாக மேட்டு வீட்டுக்கு ஓடி, அங்கிருந்து 108-க்குப் பேசி, சேலம் போய்ச் சேர்வதற்குள் விடிந்துவிட்டது. இடுப்பு எலும்பில் ஆபரேஷன். கரண்ட் மறுநாளே வந்தது. போன் வர 19 நாள் ஆனது. பில் மட்டும் முழுசாக வந்தது. கேட்டால், 'கரண்ட் இல்லாததற்கு நாங்கள் என்ன செய்வது' என்கிறார்கள். டெலிபோன் கேஸ் நுகர்வோர் கோர்ட்டில் நிற்காது என்று தெரிந்தவர் ஒருவர் சொல்கிறார். நஷ்டஈடு கிடைக்குமா?

பின்குறிப்பு: சேலத்திலிருந்து ஒரு பையன் வந்து, எங்கள் பிராட்பேண்டில் ஒரு பெட்டியைச் சொருகி வைத்தால் மாதம் எட்டாயிரம் வாடகை தருவதாகச் சொல்கிறான். துபாயிலிருந்து வரும் போன்களுக்காம். வைக்கலாமா?"

ஐயா, பின்குறிப்பிலிருந்தே ஆரம்பிக்கிறேன். வைக்கவே வைக்காதீர்கள். அட்வான்ஸ் என்று ஏதாவது வாங்கியிருந்தால், சாட்சி வைத்துக்கொண்டு இன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அந்தப் பெட்டிக்குள் வரிசையாக சிம் கார்டு போட்டிருப்பார்கள். துபாயில் ஒருவர் பேசினால் அந்தப் பேச்சு முறைப்படி உரிமம் பெற்ற கம்பெனியின் சர்வதேச நுழைவாயில் வழியாக இந்தியாவுக்குள் வர வேண்டும். அப்படி வந்தால் நிமிடத்துக்கு 35 முதல் 65 பைசா வரை இங்குள்ள கம்பெனிக்குக் கட்டணம் உண்டு; 2020 மே மாதத்திலிருந்து அந்த விகிதம். அதைக் கட்டாமல் தப்பிக்கத்தான் இந்தப் பெட்டி. பேச்சு இணையம் வழியாக உங்கள் கூடத்துக்கு வந்து, பெட்டியில் இருக்கும் ஒரு சிம்மிலிருந்து உள்ளூர் கால் மாதிரி வெளியே போகும். போனை எடுப்பவருக்குத் தெரிவது இந்திய நம்பர். வங்கியிலிருந்து பேசுகிறேன், போலீஸிலிருந்து பேசுகிறேன் என்று ஏமாற்றுகிறவர்களுக்கு இதைவிட வசதி வேறென்ன வேண்டும்?

2023-ஆம் ஆண்டு தொலைத்தொடர்புச் சட்டத்தின் 42-ஆம் பிரிவில், அனுமதியில்லாமல் தொலைத்தொடர்பு சேவை நடத்தினால் மூன்று வருடம் வரை சிறை, இரண்டு கோடி வரை அபராதம், அல்லது இரண்டும். சிம் கார்டுகளை ஆள்மாறாட்டம் செய்து வாங்கியிருந்தால் அதற்குத் தனியாக இன்னொரு குற்றம். போலீஸ் தேடி வரும்போது அந்தப் பையன் இருக்க மாட்டான். இணைப்பு உங்கள் பெயரில், உங்கள் ஆதாரில். 'எனக்கு ஒன்றும் தெரியாது, வாடகைக்கு விட்டேன்' என்பதை ஜாமீன் மனுவில் எழுதலாம். ஆனால் அதை எழுதுகிற நிலைமைக்கு நீங்கள் போகவே கூடாது.

ஒன்றை மட்டும் பயமில்லாமல் செய்யலாம். வெளிநாட்டிலிருக்கும் சொந்தங்களோடு வாட்ஸப்பிலோ வேறு செயலியிலோ பேசுவது குற்றம் இல்லை. இந்தியாவில் இணையம் வழியாகப் பேசுவதை 2002 ஏப்ரல் 1 முதலே அனுமதித்திருக்கிறார்கள். அன்றைக்குக் கம்ப்யூட்டரிலிருந்து கம்ப்யூட்டருக்கும், வெளிநாட்டு போனுக்கும் பேசலாம். உள்ளூர் போனுக்குப் பேச அனுமதி இல்லை. 2018-ல் உரிமத்தைத் திருத்தி, உரிமம் பெற்ற கம்பெனிகள் உள்ளூர் போன்களோடும் இணைக்கலாம் என்று தெளிவாக்கினார்கள். சட்டம் பார்ப்பது இதைத்தான்: இணையத்தில் வரும் பேச்சை நாட்டின் டெலிபோன் வலையோடு சேர்த்துவிடுகிறவரிடம் உரிமம் இருக்கிறதா, இல்லையா.

சரி, உங்கள் பெரிய கேள்விக்கு வருகிறேன்.

அந்தக் காலத்து போனுக்கு கரண்ட் எங்கிருந்து வந்தது என்று நாம் யாரும் யோசித்ததே இல்லை. எக்ஸ்சேஞ்சில் இருந்த பேட்டரியிலிருந்து 48 வோல்ட் அதே செம்புக் கம்பியில் வந்துகொண்டிருந்தது. மலை முழுக்க இருட்டானாலும் போனை எடுத்தால் 'ஙொய்' என்று சத்தம் கேட்கும். இப்போது வருவது கண்ணாடி இழை. அதில் வெளிச்சம் போகும், கரண்ட் போகாது. உங்கள் குரலைத் துண்டு துண்டாக்கி இணையத்தில் அனுப்புகிற வேலையை ஹாலில் மாட்டியிருக்கும் மோடம்தான் செய்கிறது. எக்ஸ்சேஞ்சில் ஒரு பாதி உங்கள் வீட்டு அலமாரிக்கு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு 12 வோல்ட் அடாப்டர். அடாப்டருக்கு ஈ.பி. கரண்ட். அது போனால் பழைய போன் செட் வெறும் பொம்மை. என் ஆபீஸிலும் இதே கதைதான். ஈ.பி. பராமரிப்பு நாளில் லேண்ட்லைனில் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, 'வக்கீல் வேண்டுமென்றே எடுக்கவில்லை' என்று கோபித்துக்கொண்ட கட்சிக்காரர்கள் இருக்கிறார்கள்.

ஆகவே 'கரண்ட் போனபோது போன் வேலை செய்யவில்லை, அது சேவைக் குறைபாடு' என்று மனுவை ஆரம்பித்தால், கம்பெனி வக்கீல் ஐந்து நிமிடத்தில் உங்களை உட்கார வைத்துவிடுவார். மரம் விழுந்ததும் கரண்ட் போனதும் அவர்கள் தப்பில்லை. உங்கள் வழக்கின் பலம் வேறு இடத்தில் இருக்கிறது. இது இப்படித்தான் வேலை செய்யும் என்று, செல்போன் டவர் கிடைக்காத மலை வீட்டில் இருக்கும் எழுபது வயதுக்காரரிடம், பழைய இணைப்பைச் சரண்டர் செய்யச் சொல்வதற்கு முன்னால் அவர்கள் சொன்னார்களா?

2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 2(11)-ஐ யாரையாவது விட்டுப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். சேவையில் இருக்கும் கோளாறு மட்டுமல்ல, நுகர்வோருக்குத் தெரிய வேண்டிய தகவலைத் தெரிந்தே மறைப்பதும் 'குறைபாடு' என்று அதில் எழுதியிருக்கிறது. இரண்டாயிரம் ரூபாய்க்கு ஒரு சின்ன யு.பி.எஸ். வாங்கி மோடத்துக்குப் போட்டிருந்தால் அந்த ராத்திரி போனுக்கு உயிர் இருந்திருக்க வாய்ப்பு உண்டு. 'யு.பி.எஸ். போடுங்கள்' என்ற ஒரு வார்த்தை. அதைச் சொல்லாததுதான் உங்கள் வழக்கு.

அடுத்தது 'இதே நம்பர்' என்ற வாக்குறுதி. கம்பெனி மாறினாலும் நம்பர் மாறாத வசதி, 2011 ஜனவரியில் நாடு முழுக்க வந்தது, செல்போனுக்கு மட்டும்தான். லேண்ட்லைனுக்குக் கிடையாது. வேறு கம்பெனியின் 04281 நம்பரை இவர்களால் தந்திருக்கவே முடியாது. முடியாததை முடியும் என்று சொல்லி விற்பது அதே சட்டத்தில் நியாயமற்ற வணிக முறை. இதைப் பொறுத்துக்கொண்டேன் என்கிறீர்கள். பொறுக்க வேண்டியதில்லை, மனுவில் எழுதுங்கள். கேபிள்காரரையும் எதிர்மனுதாரராகச் சேருங்கள். ஊர்க்காரர் என்று தயங்குவீர்கள், தெரிகிறது. ஆனால் அவரைச் சேர்க்காவிட்டால் 'அப்படிச் சொன்னது அவர், நாங்கள் இல்லை' என்று கம்பெனி நழுவிவிடும்.

கம்பெனி கட்டாயம் ஒரு காகிதத்தை நீட்டும். நீங்கள் கையெழுத்துப் போட்ட விண்ணப்பம், அல்லது உங்கள் போனுக்கு வந்த ஓ.டி.பி. சொன்னதால் 'ஒப்புக்கொண்டதாக' ஆன விண்ணப்பம். மின்சாரம் வாடிக்கையாளர் பொறுப்பு என்று அதில் பொடி எழுத்தில் இருக்கலாம். இப்போதே அதன் நகலைக் கேட்டு மெயில் அனுப்பி வையுங்கள். அந்த ஷரத்தைப் பார்த்ததும் சில வக்கீல்கள் 'நியாயமற்ற ஒப்பந்தம்' என்று வாதாடத் துடிப்பார்கள். வேண்டாம். நியாயமற்ற ஒப்பந்தத்தை விசாரிக்கும் அதிகாரம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு, அதாவது நீங்கள் நுகர்வோர் கோர்ட் என்று சொல்வதற்கு, இல்லை; மாநில ஆணையத்துக்குப் போக வேண்டும். தகவலை மறைத்தார்கள், பொய் சொல்லி விற்றார்கள், 19 நாள் சரிசெய்யவில்லை. இந்த மூன்றோடு நில்லுங்கள், சேலத்திலேயே முடியும்.

டெலிபோன் கேஸ் நிற்காது என்று சொன்ன நண்பரைக் குறை சொல்ல முடியாது. 2009-ல் உச்ச நீதிமன்றம் அப்படித்தான் சொன்னது. தந்திச் சட்டத்தின் 7-பி பிரிவின்படி நடுவரிடம் போ என்று எத்தனையோ மனுக்களைத் திருப்பி அனுப்பினார்கள். 2022 பிப்ரவரி 16-ல் ஒரு செல்போன் வாடிக்கையாளர் வழக்கில் உச்ச நீதிமன்றமே அந்தக் கதவைத் திறந்துவிட்டது. இப்போதைய நுகர்வோர் சட்டத்தில் 'சேவை' என்பதன் விளக்கத்திலேயே டெலிகாம் என்ற சொல் இருக்கிறது. 2023 சட்டத்தின் 30-ஆம் பிரிவும் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகும் உரிமை பாதிக்காது என்கிறது. நண்பர் 2009-லேயே நின்றுவிட்டார், அவ்வளவுதான்.

அந்த 19 நாள் விஷயத்தில் உங்களிடம் என்ன ஆதாரம் இருக்கிறது என்று கடிதத்தில் இல்லை. ஒவ்வொரு முறை புகார் கொடுக்கும்போதும் ஒரு எண் எஸ்.எம்.எஸ்.ஸில் வந்திருக்கும். தேடி எடுத்து, தேதியோடு எழுதி வையுங்கள். கேபிள்காரருக்கு வாட்ஸப்பில் அனுப்பிய செய்திகளும் ஆதாரம்தான். பிரிண்ட் எடுத்து, புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுச் சான்றிதழோடு வைக்க வேண்டும். இனிமேல் போன் நின்றால் முதலில் மோடத்தை போட்டோ எடுங்கள். 'லாஸ்' (LOS) என்ற இடத்தில் சிவப்பு விளக்கு மின்னினால் இழை எங்கேயோ அறுந்திருக்கிறது. 'பான்' (PON) விளக்கு பச்சையாக நின்று, போன் விளக்கு மட்டும் எரியாவிட்டால் கோளாறு அவர்கள் பக்கத்திலோ மோடத்திலோ. இரண்டுக்கும் 'கரண்ட் இல்லை' என்ற பதில் பொருந்தாது. ஒரே ஒரு போட்டோ, பத்து பக்க வாதத்தை மிச்சப்படுத்தும்.

ஆணையத்துக்குப் போகும் முன் கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். டிராய் என்கிற தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2012-ஆம் ஆண்டு விதிப்படி அவர் 39 நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். இது கட்டாயமான படி இல்லை, ஆனாலும் 'சொல்லிப் பார்த்தீர்களா' என்று நுகர்வோர் ஆணையம் கேட்கும்போது கையில் காகிதம் இருக்கும். டிராய்க்கே எழுதிக்கொண்டு காத்திருக்காதீர்கள். தனிநபர் புகாரை அது விசாரிப்பதில்லை, கம்பெனிக்கே அனுப்பி வைக்கும்.

அப்புறம் சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கம்பெனியின் தலைமை அலுவலகம் எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். நீங்கள் கட்டிய தொகை ஐந்து லட்சத்துக்குள் என்பதால் கட்டணமே இல்லை. வக்கீல் வைக்காமல் நீங்களே நடத்தலாம். இணையத்தில் 'இ-ஜாக்ரிதி' தளத்தில் தாக்கல் செய்து, காணொலியில் ஆஜராக மனு கொடுத்தால், ஒவ்வொரு வாய்தாவுக்கும் இருபது கொண்டை ஊசி வளைவு இறங்க வேண்டியதில்லை. காலக்கெடு இரண்டு வருடம்.

எவ்வளவு கேட்பது? இங்கேதான் உங்களுக்குக் கசப்பான ஒன்றைச் சொல்ல வேண்டும். ஆபரேஷன் செலவு முழுவதையும் கேட்காதீர்கள். அம்மா விழுந்தது போனால் அல்ல. எலும்பு முறிந்தது விழுந்த நொடியில். போன் இல்லாததால் போனது நேரம். அந்த நேரத்தால் சிகிச்சை சிக்கலானது என்று டாக்டர் கேஸ் ஷீட்டில் எழுதியிருந்தால் மட்டும், அந்த அளவுக்குக் கேட்கலாம். ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்த நேரமும் அங்கே பதிவாகியிருக்கும், நகல் வாங்குங்கள். 108-க்குப் பேசிய மேட்டு வீட்டுக்காரரின் செல்போனில் அந்த அழைப்பின் நேரம் இருந்தால் அதையும் படம் எடுத்து வையுங்கள், அவரிடம் ஒரு உறுதிமொழிப் பத்திரமும் வாங்குங்கள். மற்றபடி, 19 நாள் வாடகைக் கழிவு, மன உளைச்சலுக்கு ஒரு தொகை, வழக்குச் செலவு. பத்து லட்சம் என்று போட்டால் நீதிபதிக்கு உங்கள் மேலிருக்கும் அனுதாபம் முதல் பக்கத்திலேயே குறையும். இடுப்பு உடைந்த மூதாட்டியும், மழையில் டார்ச்சோடு ஓடிய கிழவரும் இருக்கும் வழக்கில் தொகையைப் பெரிதாக்க வேண்டிய அவசியமே இல்லை.

வழக்கு நடக்கிறபடி நடக்கட்டும். அந்த யு.பி.எஸ்.ஸை மட்டும் இந்த வாரமே வாங்கிவிடுங்கள். வாங்கி மாட்டியதும் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, மேட்டு வீட்டு நம்பருக்கு ஒரு தடவை போன் போட்டுப் பாருங்கள். அப்போதும் போன் செத்திருந்தால், வழியில் கேபிள்காரர் வைத்திருக்கும் ஏதோ ஒரு பெட்டிக்கும் கரண்ட் தேவைப்படுகிறது என்று அர்த்தம். அது உங்கள் பொறுப்பு இல்லை, அவர்கள் பொறுப்பு. தேதியும் நேரமும் குறித்து, அதையும் மனுவில் சேர்த்துக்கொள்ளலாம்.