பாரி சாண்டர்ஸின் கல்லூரிச் சாதனை 2,628 யார்டா, 2,850 யார்டா? ஏன் இன்னும் யாராலும் முறியடிக்க முடியவில்லை?

அமெரிக்கக் கால்பந்தில், ஒரே கல்லூரி சீசனில் பந்தைக் கையில் ஏந்தி ஒருவர் ஓடிய அதிகபட்சத் தூரம் இது (ஒரு யார்டு சுமார் 0.9 மீட்டர்). இரண்டு எண்ணும் சரிதான். ஏட்டில் இருப்பது 2,628.

1988இல் ஓக்லஹோமா ஸ்டேட் அணிக்காக சாண்டர்ஸ் 12 ஆட்டம் ஆடினார். அவற்றில் 11 வழக்கமான சீசன் ஆட்டங்கள். கடைசி ஆட்டம் வயோமிங் அணிக்கு எதிரான ஹாலிடே பவுல் (சீசன் முடிந்தபின் நடக்கும் சிறப்பு ஆட்டங்களுக்குப் பவுல் என்று பெயர்). அதில் 222 யார்டு ஓடி 5 டச்டவுன் (எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டிப் புள்ளி எடுப்பது) போட்டார், அணி 62-14 என்று ஜெயித்தது. ஆனால் அந்தக் காலத்தில் கல்லூரி விளையாட்டை நடத்தும் என்சிஏஏ அமைப்பு, பவுல் ஆட்டங்களைத் தனிநபர் கணக்கில் சேர்க்காது. 2002இலிருந்துதான் சேர்க்க ஆரம்பித்தார்கள், பழைய கணக்குகளைத் திருத்தவில்லை. அந்த 222-ஐக் கூட்டிச் சொல்பவர்கள் 2,850 என்பார்கள்.

ஆட்டவாரியாகப் பார்த்தால் விஷயம் பிடிபடும்: 178, 157, 304, 174, 189, 154, 320, 215, 312, 293, 332. 'சொதப்பிய' ஆட்டத்திலேயே 154! ஒரு ரன்னிங் பேக் (பந்தை வாங்கிக்கொண்டு ஓடுபவர்) ஒரு ஆட்டத்தில் 100 தாண்டினாலே நல்ல நாள் என்பார்கள். இவர் நான்கு முறை 300-ஐத் தாண்டினார். கடைசியில் இருக்கும் 332, டோக்கியோவில் டெக்சஸ் டெக் அணிக்கு எதிராக ஓடியது. அந்த ஆண்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் விருது தனக்குத்தான் என்ற செய்தியும் அங்கே இருக்கும்போதுதான் வந்தது.

மொத்தம் 344 முறை பந்தை வாங்கி ஓடினார், சராசரி 7.64 யார்டு. நான்கு முயற்சிக்குள் 10 யார்டு நகர்ந்தால் அணிக்குப் புதிதாக நான்கு முயற்சிகள் கிடைக்கும். இவரிடம் இரண்டு முறை கொடுத்தாலே சராசரியாக அந்த வேலை முடிந்துவிடும். உயரம் ஐந்தடி எட்டு அங்குலம்தான், எடை சுமார் 92 கிலோ. வழி அடைத்தால் முட்டி மோதாமல் சட்டென்று நின்று பக்கவாட்டில் வெட்டித் திரும்புவார். பாய்ந்து வந்தவர் காற்றைப் பிடித்துக்கொண்டு போவார். இதில் ஒரு ஆபத்தும் உண்டு. வழி தேடிப் பின்னால் போய்ப் பிடிபட்டால் இழந்த யார்டு கணக்கில் கழியும். பின்னாளில் டெட்ராய்ட் லயன்ஸ் என்ற தொழில்முறை அணியில் அப்படி நிறையவே கழிந்தது. கல்லூரியில் 'வார் பிக்ஸ்' என்று பெயர் வாங்கிய தடுப்பு வரிசை முன்னால் நின்றது, ஆட்டத்தை நடத்திப் பந்தை வீசும் குவார்ட்டர்பேக் மைக் கண்டியும் பந்தை நன்றாக வீசக்கூடியவர். எதிரணியால் சாண்டர்ஸ் ஒருவரையே குறிவைக்க முடியவில்லை.

இத்தனைக்கும் அதற்கு முந்தைய இரண்டு வருடமும் சாண்டர்ஸ், அணியின் முதன்மை ரன்னிங் பேக் தர்மன் தாமஸுக்கு மாற்று ஆட்டக்காரர்தான்! 1987இல் பெயர் வாங்கியதெல்லாம் கிக்காஃப் பந்தை (ஆட்டத்தைத் தொடங்க எதிரணி உதைக்கும் பந்து) பிடித்து ஓடியதில்.

2024இல் பாய்ஸி ஸ்டேட்டின் ஆஷ்டன் ஜென்டி 2,601 வரை வந்தார். கடைசி ஆட்டமான ஃபியஸ்டா பவுலில் பென் ஸ்டேட்டுக்கு எதிராக 131 எடுத்திருந்தால் சமன், 132 என்றால் சாதனை. கிடைத்தது 104. இருபத்தேழு யார்டில் போயிற்று. ஆனால் அவர் ஆடியது 14 ஆட்டம், பந்து வாங்கியது 374 முறை. ஆட்டத்துக்கு ஜென்டி 186, சாண்டர்ஸ் 238.9. மூன்று ஆட்டம் கூடுதலாக ஆடியும் எட்டவில்லை என்றால், தடையாக இருப்பது பவுல் கணக்கு இல்லை. ஆட்டத்துக்கு 31 முறை ஒரே ஆளிடம் பந்தைக் கொடுக்க இன்றைய பயிற்சியாளர்கள் தயங்குகிறார்கள், கொடுத்தாலும் ஒவ்வொரு முறையும் ஏழரை யார்டு வர வேண்டுமே.

என் கணிப்பு: மொத்த யார்டு சாதனை என்றாவது உடையும். சாம்பியனைத் தீர்மானிக்கும் பிளேஆஃப் சுற்று விரிந்ததில் ஒரு அணி 17 ஆட்டம் வரைகூடப் போகலாம், ஆட்டத்துக்கு 155 ஓடினாலே போதும். ஆட்டத்துக்கு 238.9 என்ற சராசரியை உடைக்க 11 வாரமும் யாராவது இப்படி ஓட வேண்டும்.