சரிவு மனையில் கான்கிரீட் வீடு: பொக்லைனைத் திருப்பி அனுப்புங்கள்

கேள்வி: கோத்தகிரி பக்கம் 8 சென்ட் மனை வைத்திருக்கிறோம். 60 அடி நீளத்தில் 10 அடி இறங்குகிறது. பூச்சு இல்லாத, எளிமையான கான்கிரீட் வீடு கட்ட ஆசை. இடத்தை மட்டமாக்கினால்தான் செலவு குறையும் என்கிறார் ஒப்பந்தக்காரர். சரிதானா?

பதில்: குறையப்போவது அவருடைய வேலை. மட்டமாக்குவது என்றால் மேல்பக்கம் 5 அடி வெட்டி, அந்த மண்ணைக் கீழ்ப்பக்கம் கொட்டுவார்கள். பாதி வீடு இறுகிய மண்ணில், மீதி கொட்டிய மண்ணில். கொட்டியது இரண்டு மழையில் அமுங்கும், நடுவில் விரிசல் ஓடும். பூசிய சுவரில் பட்டி பார்த்து மறைக்கலாம்; உங்கள் வீட்டில் அதுவும் முடியாது.

மட்டமாக்காமல் வீட்டையே இரண்டு மட்டமாகப் பிரியுங்கள். சரிவு வாக்கில் 30 அடிக்கு வீடு என்றால் அதற்குள் நிலம் 5 அடிதான் இறங்குகிறது. மேலே படுக்கையறைகள், 5 அடி கீழே கூடமும் சமையலறையும், நடுவில் ஆறங்குல உயரத்தில் பத்துப் படி. அஸ்திவாரம் முழுக்க இறுகிய மண்ணில்.

வீட்டுக்குப் பின்னால் மண்ணைத் தாங்கும் சுவரைத் தள்ளுவது பெரும்பாலும் தேங்கும் தண்ணீர். பின்புறம் ஜல்லி நிரப்பி, சுவரில் வடிதுளை விடச் சொல்லுங்கள். ஒரு வீட்டில் துளைகள் வரிசையாக அழகாக இருந்தன. குச்சியை விட்டால் மூன்றங்குலத்தில் கான்கிரீட் முட்டியது.

"பாறை தெரியுதே, மண் பரிசோதனை எதுக்கு?" என்பார்கள். நீலகிரியின் சார்னகைட் பாறை வெங்காயத்தோல்போல் உரிந்து மட்கும். உள்ளிருக்கும் உருண்டைக்கல் மண்ணுக்குள் தனியாகக் கிடக்கும். மேலே தெரிவது அதன் தலையாக இருக்கலாம். மூன்று இடத்தில் குழி வெட்டி, மூன்றிலும் பாறை தொடர்ந்தால்தான் அது பாறை. அப்போதும் அதன் முகம் கீழ்நோக்கிச் சாய்ந்திருந்தால் மட்டமாகச் செதுக்கி, கம்பி இறக்கித்தான் அஸ்திவாரம் போட வேண்டும்.

அப்புறம் புரோக்கர். "அப்ரூவல் நான் பாத்துக்கறேன், வேலையை ஆரம்பிங்க" என்று ராத்திரியில் பொக்லைனை இறக்குவார். ஆட்சியர் அனுமதி இல்லாமல் நீலகிரியில் அது கூடாது. நோட்டீஸ் உங்கள் பெயருக்குத்தான் வரும். 2009 நவம்பர் நிலச்சரிவைப் பார்த்த ஊரில் அந்தக் கெடுபிடி நியாயம்தான். ஆனால் வனம், சுரங்கம், வேளாண் பொறியியல் என்று ஒரே மனையைத் தனித்தனியாகப் பார்த்துச் சான்று தருகிறார்களே, ஒரே ஜீப்பில் சேர்ந்து வந்தால் என்னவாம்?

மண் வேலையை ஜனவரியில் தொடங்குங்கள். அக்டோபர் மழைக்குள் பின்சுவரும் வடிகாலும் முடிந்திருக்க வேண்டும்.